உபரி ஆற்றலும் ஊர்ப் பொதுவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கணிப்பொறியும் தமிழும்' என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். அது கடல் போன்ற பொருள். கிடைத்திருக்கும் நேரத்தில் அதன் ஒரு துறையில் மட்டும் இறங்கலாம் என்று கருதுகிறேன். வீடுகளில் வேலையின்றி இருக்கும் கணிப்பொறிகளின் ஆற்றலைப் பலர் ஒன்றுசேர்த்து, ஒரு பொது வேலைக்குப் பயன்படுத்தும் முறையே அந்தத் துறை. இது பொறியாளர்கள் பேச வேண்டிய செய்தியாயிற்றே, கவிஞர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். தமிழைக் கேட்கவும், படிக்கவும், எழுதவும், மொழிபெயர்க்கவும் இன்று பொறிகள் பழக்கப்படுகின்றன. அவை எந்தத் தமிழைப் பழகுகின்றன, யார் அவற்றைப் பழக்குகிறார்கள் என்னும் வினா நமக்கும் உரியது. அந்த வினாவுக்கு இந்தக் கூட்டு முறை எந்த அளவுக்கு விடையாகும் என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

முதலில் 'உபரி' என்று எதைச் சொல்கிறோம் என்று பார்ப்போம். ஒரு சாதாரணக் கணிப்பொறி நொடிக்குப் பல நூறு கோடிக் கட்டளைகளை நிறைவேற்ற வல்லது. நாம் அதில் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் அது கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டு முடித்துவிடும். கவிஞர் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார். பொறி கவிஞருக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பே உபரி. நம் பகுதியிலும் அதற்குக் குறைவில்லை. 2011-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகப் பல இலட்சம் மாணவர் வீடுகளுக்குக் கணிப்பொறி முதன்முதலாகச் சென்றது. அவற்றுள் படிப்பு முடிந்தபின் பரண் ஏறியவையும் உண்டு.

இந்த உபரியைத் திரட்டலாம் என்ற எண்ணம் புதிதன்று. மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக 1996-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது; 2024-ஆம் ஆண்டு அது கண்டறிந்த பகா எண் 4 கோடியே 10 இலட்சம் இலக்கங்களுக்கு மேற்பட்டது. 1999-ஆம் ஆண்டு மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 'செட்டி அட் ஹோம்' என்னும் திட்டம் வந்தது. வானொலித் தொலைநோக்கி திரட்டிய அலைகளைச் சிறு சிறு துண்டுகளாக்கி மக்களின் கணிப்பொறிகளுக்கு அனுப்பினார்கள். உடைமையாளர் தேநீர் அருந்த எழுந்து சென்றால், அந்த இடைவெளியில் பொறி தானாகவே ஆய்வில் இறங்கும். வேற்றுலகில் அறிவுள்ள உயிர் உண்டா என்பதற்கான குறியைத் தேடும். 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். 2020 மார்ச் இறுதியில் புதிய துண்டுகள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. தேடிய குறி கிடைக்கவில்லை. ஆனால் முகமறியாத இலட்சக்கணக்கானோர் ஒரு வேலையைப் பகிர்ந்து செய்ய முடியும் என்பது அதனால் மெய்ப்பிக்கப்பட்டது.

மூன்றாவது திட்டம் நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. புரதங்கள் எவ்வாறு மடிந்து உருவம் பெறுகின்றன என்பதை ஆராய்வதற்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே 2000-ஆம் ஆண்டு தொடங்கியது 'ஃபோல்டிங் அட் ஹோம்'. 2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது அத்திட்டம் அந்த நச்சுயிரியின் புரதங்களை ஆராயத் தொடங்கியது. நம் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைப் பக்கம் போகவே மக்கள் அஞ்சிய நாட்கள் அவை. வீட்டில் அடைபட்டிருந்த உலக மக்கள் தத்தம் பொறிகளை இத்திட்டத்துக்குக் கொடுத்தார்கள். அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே அவற்றின் கூட்டு ஆற்றல் நொடிக்கு ஒன்றுக்குப் பின் 18 சுழி போட்ட எண்ணிக்கையிலான கணக்குகளைத் தாண்டியது. அந்த எல்லையை உலகில் முதன்முதலில் எட்டியது இந்தக் கூட்டம்தான். அமெரிக்க அரசின் மாபெரும் கணிப்பொறி ஒன்று அதே எல்லையை எட்டியதாக அறிவிக்கப்பட்டது 2022-ஆம் ஆண்டில்தான்.

இனி, எந்த வேலையையும் இப்படிப் பகிர்ந்து கொடுத்துவிட முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது. இதைத் தமிழ் அறிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. அகநானூற்றை 400 பேரிடம் ஆளுக்கொரு பாட்டாகக் கொடுத்து உரை எழுதச் சொல்லலாம். ஒருவர் எழுதும் உரை முடிவதற்காக மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. 400 பேரும் ஒரே நாளில் முடித்துவிடலாம். அந்தாதி இயற்ற 100 பேரை அமர்த்தினால் என்ன ஆகும்? முதற்பாட்டின் ஈற்றுச்சொல் தெரியாமல் இரண்டாமவர் எழுத்தாணியைத் தொட முடியாது. 99 பேர் சும்மா இருக்க ஒருவர் எழுதுவார். கணிப்பு வேலைகளும் இவ்வாறே தொகைநூல் போன்றவை என்றும் அந்தாதி போன்றவை என்றும் இருவகைப்படும். தொகைநூல் போன்ற வேலைகளே சிதறிக் கிடக்கும் பொறிகளுக்கு ஏற்றவை. அந்தாதி போன்றவற்றுக்கு ஒரே கூரையின் கீழ் விரைந்த கம்பிகளால் பிணைக்கப்பட்ட பொறிகள் வேண்டும். பெருநிறுவனங்கள் பல்லாயிரம் கோடி செலவிட்டுத் தரவு மையங்கள் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது நடுநாயகம் பற்றிய கேள்வி. முன்னர்க் கூறிய திட்டங்களில் உழைப்பு சிதறியிருந்தது. தலைமை ஓரிடத்தில் இருந்தது. எந்தத் துண்டு யாருக்கு என்று ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியே பகிர்ந்தளித்தது. அந்தப் பொறி நின்றால் எல்லாம் நிற்கும். மையமே இல்லாத வலை வேறு வகை. அதில் ஒவ்வொரு பொறியும் மற்றதற்கு நிகர். வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். கோப்புகளைப் பகிர்வதற்காக 2001-ஆம் ஆண்டு பிராம் கோஹன் உருவாக்கிய 'பிட்டோரண்ட்' இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு.

தலைமை இல்லாமல் ஒன்றையொன்று எப்படிக் கண்டுகொள்ளும்? நம் சந்துகளில் ஒரு வீட்டைத் தேடி வருபவர் மாநகராட்சி அலுவலகத்துக்கா போகிறார்? முனையிலுள்ள தேநீர்க் கடையில் கேட்கிறார். கடைக்காரருக்கு அந்த வீடு தெரியாவிட்டாலும் அந்தத் தெரு தெரியும். தெருவில் உள்ளவருக்கு வீடு தெரியும். மூன்று நான்கு கேள்விகளில் வாசலுக்கு வந்துவிடலாம். மையமில்லா வலையிலும் ஒவ்வொரு பொறியும் சில அண்டை வீடுகளை மட்டுமே அறிந்திருக்கிறது. கேள்வி கைமாறிக் கைமாறி உரிய இடத்தை அடைகிறது. முழு ஊரின் பட்டியலும் எவரிடமும் இல்லை. எனவே பட்டியலைப் பறித்து ஊரை முடக்குவதும் எளிதன்று.

முகமறியாதவர் அனுப்பும் விடையை எப்படி நம்புவது? துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். சரக்கு இறங்கும்போது கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கரைத் தரப்பில் ஒருவர் எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒத்தால் கையொப்பம். ஒவ்வாவிட்டால் மறு எண்ணிக்கை. இங்கும் அதே வழிதான். ஒரே துண்டு, ஒருவரையொருவர் அறியாத இருவருக்கு அனுப்பப்படும். விடைகள் ஒத்தால் ஏற்கப்படும். ஒவ்வாவிட்டால் மூன்றாமவருக்குப் போகும். இதனால் வேலை இரட்டிப்பாகிறது என்பது உண்மை. காவலாள் இல்லாத ஊரில் நம்பிக்கைக்குச் செலுத்தும் விலை என்று அதைக் கொள்ளலாம்.

பொறிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேனே, தமிழில் இதற்கு முன்னோடி உண்டா என்றால், உண்டு. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்திய முயற்சி அது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் தத்தம் ஓய்வு நேரத்தில் ஒருவர் தட்டச்சு செய்ய, ஒருவர் பிழை திருத்த, பழந்தமிழ் நூல்கள் மின்வடிவம் பெற்றன. யாரும் கூலி வாங்கவில்லை. படிப்பவரிடமும் விலை கேட்கவில்லை. அங்கே திரட்டப்பட்டது மனிதரின் உபரி நேரம். முறை மட்டும் ஒன்றே: வேலையைத் துண்டாக்கு, பகிர்ந்து கொடு, ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார், விளைந்ததைப் பொதுவில் வை. இன்று ஆய்வு மாணவர் எவரும் சங்க நூல் ஒன்றை இணையத்தில் தேடிப் படிக்கிறார் என்றால், அந்த முகமறியாத கைகளுக்கு அவர் கடன்பட்டவர்.

மனித நேரத்தில் நாம் முன்னே நின்றோம். பொறி நேரத்தில் நம் உடன்பிறப்பு மொழியொன்று முந்திக்கொண்டது. 2021-ஆம் ஆண்டு வங்க மொழிக்கென 'சஹஜ்பெர்ட்' என்னும் மொழி மாதிரி ஒன்று பயிற்றப்பட்டது. மொழி மாதிரி என்பது, ஏராளமான எழுத்துகளைப் படித்து ஒரு சொல்லுக்கும் அதன் சூழலுக்கும் உள்ள உறவைக் கற்றுக்கொள்ளும் பொறியறிவு. அதைப் பயிற்றியவர்கள் சுமார் 40 தன்னார்வலர்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்க மொழி பேசுபவர்கள். பயிற்சி என்பது அந்தாதி வேலை ஆயிற்றே என்று கேட்பீர்கள். ஒவ்வோர் அடியையும் பலர் பங்கிட்டுச் செய்தார்கள் என்பதே அதற்கு மறுமொழி. ஒவ்வொரு பொறியும் வெவ்வேறு பகுதியைப் படித்து, மாதிரியில் செய்ய வேண்டிய திருத்தத்தைக் குறித்துக்கொள்ளும். எல்லாருடைய திருத்தங்களையும் சராசரி கண்ட பின்னரே அடுத்த அடி. நடுவில் ஒருவர் விலகினாலும் வேலை நிற்காது. புதிதாக வருபவர் அந்த இடத்திலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். பங்கேற்றவர்களில் பலர் இணையத்தில் நிறுவனங்கள் இலவசமாக அளித்த கணிப்பு வசதியையே பயன்படுத்தினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழுதும் வீட்டுப் பொறிகளால் ஆனதென்று புகழ முடியாது. ஆயினும் ஒரு மொழியைப் பேசுவோர் தாமே கூடித் தம் மொழிக்கு ஒரு மாதிரியை ஆக்கிக்கொள்ள முடியும் என்பது விளங்கிவிட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2022-இல், 'பெட்டல்ஸ்' என்னும் முறை வந்தது. 'புளூம்' என்பது 17,600 கோடி அளவுருக்கள் கொண்ட மாபெரும் மொழி மாதிரி. அது கற்ற 46 மனித மொழிகளில் தமிழும் ஒன்று. ஒரு வீட்டுப் பொறியால் அதைத் தாங்க முடியாது. பெட்டல்ஸ் முறையில் அந்த மாதிரியின் அடுக்குகளைப் பலர் பங்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் பொறியில் முடியும் கணக்கு அடுத்தவர் பொறியில் தொடங்குகிறது. அந்தாதியையே கூட்டாகப் பாடும் முறை என்று இதைச் சொல்லலாம். வேகம் குறைவுதான், ஆனாலும் நடக்கிறது.

இங்கே நம் ஊருக்கு உள்ள அக்கறை என்ன? இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். இராயபுரத்தில் வாழ்ந்து 1838-இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் ஆகையால் மக்கள் அவரைத் 'தொண்டியார்' என்று அழைத்தனர் என்றும், அவர் பெயரால் அமைந்த தொண்டியார்பேட்டையே தண்டையார்பேட்டை ஆயிற்று என்றும் கூறுவர். ஒரு கவிஞரின் பெயரை மக்களின் நாக்கு உருமாற்றி ஊருக்குச் சூட்டியது. அந்த நாக்கு இன்றும் இங்கே பேசுகிறது. காசிமேட்டு ஏலத்தில் கேட்கும் தமிழ், துறைமுகத் தொழிலாளர் தமிழ், எண்ணூர்க் கழிமுக மீனவர் தமிழ் ஆகியவை அச்சுநூல்களில் அருகியே இடம் பெற்றவை. செய்தித்தாளையும் மேடைப் பேச்சையும் மட்டும் படித்துத் தேர்ந்த ஒரு பொறி, நம் தெருவில் ஒரு பாட்டி பேசினால் அதைப் பிழை என்றே கொள்ளும். நாளை மருத்துவமனையிலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் அத்தகைய பொறிகள் அமர்ந்தால், அந்தப் பாட்டியின் குரல் யாருக்கும் கேளாத குரலாகிவிடும். தொலைவில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வடசென்னைப் பேச்சைக் கற்பிப்பதால் பெரிய வருவாய் இல்லை. அந்த அக்கறை இங்குள்ளவர்களுக்கே இருக்க முடியும். கூட்டுக் கணிப்பு முறையை நான் பொருட்படுத்துவது இதனால்தான்.

இனி இதன் செலவைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பேச்சு பாதி உண்மையாகவே முடியும். உபரி என்றாலே இலவசம் என்று பொருளாகாது. சும்மா இருக்கும் பொறி வேலை செய்யத் தொடங்கினால் கூடுதலாக 60 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இரவில் 8 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ அரை யூனிட். இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 29 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வரை மின்சாரத்துக்குக் கட்டணமில்லை. அதற்கு மேல் பயன்பாடு ஏற ஏற வீதமும் ஏறும். சிறு வருவாய்க் குடும்பத்துக்கு அந்த 29 யூனிட் கணக்கில் வரும் தொகை. மேலும், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை வடசென்னைக்காரர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் இயங்குகிறது. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்த சாம்பல் நம் கண்முன் இருக்கிறது. நகரெங்கும் ஒளிரும் விளக்குக்கு இந்தப் பகுதி மூச்சால் விலை கொடுத்திருக்கிறது.

மையமில்லா வலை என்ற பெயருக்காக மட்டும் ஒன்றைப் போற்றக் கூடாது என்பதற்குப் பிட்காயின் சான்று. 2009-இல் தொடங்கிய அந்த நாணய வலையும் நடுநாயகம் அற்றதுதான். அங்கே பொறிகள் ஒன்றுக்கொன்று உதவுவதில்லை. ஒரே புதிரை முதலில் விடுவிப்பதற்காகப் போட்டியிடுகின்றன. ஒன்று வெல்ல, மற்றவை எரித்த மின்சாரம் பயனின்றிப் போகிறது. 'எதேரியம்' என்னும் இன்னொரு நாணய வலை 2022-இல் அந்தப் போட்டி முறையைக் கைவிட்டதற்கு இவ்வீண் செலவும் ஒரு காரணம். ஆகவே எத்தனை பொறிகள் சேர்ந்தன என்று கேட்பதற்கு முன், எதற்காகச் சேர்ந்தன என்று கேட்க வேண்டும்.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். வலைக்கும் படகுக்கும் பங்கு உண்டு. கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களுக்கும் பங்கு உண்டு. மீன் கரைக்கு வந்த பிறகு பங்கு பேசத் தொடங்கினால் அடிதடியில்தான் முடியும். வலை போடும் முன்பே வழக்கம் வகுக்கப்பட்டிருக்கிறது. கணிப்பைக் கொடுப்பவர்களும் அப்படியே முன்கூட்டிக் கேட்க வேண்டும். என் பொறி எந்த வேலையைச் செய்கிறது? அதைத் தீர்மானிப்பதில் எனக்குக் குரல் உண்டா? விளைந்தது பொதுவில் வைக்கப்படுமா, ஒருவர் பெட்டிக்குள் போகுமா? இவற்றுக்கு விடை எழுத்தில் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குப் 'புறம்போக்கு' என்ற சொல்லின் வரலாறே சாட்சி. வரிக்கணக்கில் சேர்க்காமல் ஊர்ப் பொதுவுக்கு விடப்பட்ட நிலத்தின் பெயர் அது. கேட்பாரற்றுப் போனபின் நிலமும் பறிபோயிற்று, சொல்லும் வசையாயிற்று. பொது என்பது காவலும் கணக்கும் உள்ள இடத்தில்தான் பொதுவாக நிலைக்கிறது.

இந்த எச்சரிக்கைகளோடு, நம் வட்டம் செய்யக்கூடிய ஒன்றை முன்மொழிந்து அமைகிறேன். பத்தாண்டுகளில் இங்கே அரங்கேறிய கவிதைகள், துண்டறிக்கைகள், கையெழுத்துப் படிகள் பலர் வீட்டுப் பெட்டிகளில் உள்ளன. அவற்றைப் படமெடுத்து, அச்சுப் பக்கங்களைத் தமிழ் எழுத்துணரி மென்பொருளால் எழுத்துகளாக மாற்றலாம். 'டெசராக்ட்' என்னும் கட்டற்ற மென்பொருள் தமிழையும் படிக்கும். இணையம் இல்லாமலே பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனி வேலை ஆகையால் இது முற்றிலும் தொகைநூல் வகை. பரணில் கிடக்கும் பத்துப் பொறிகள் போதும். ஒவ்வொரு பக்கத்தையும் இருவர் பிழை பார்க்கட்டும். கையெழுத்துப் படிகளை நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவதாக, நம் முதியோரின் பேச்சை அவர்கள் ஒப்புதலோடு பதிவு செய்து, சொல் பிசகாமல் எழுதி வைக்கலாம். மோசில்லா அறக்கட்டளையின் 'காமன் வாய்ஸ்' போன்ற பொதுக் குரல் தொகுப்புகள் தமிழுக்கும் இடம் அளிக்கின்றன.

இதற்கு மூன்று நிபந்தனைகளை இந்த அவை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனிப்பட்ட கடிதமோ குடும்பச் செய்தியோ எதுவும் பொறியில் ஏறக் கூடாது. எழுதியவரின் இசைவு பெற்றவையும் உரிமைக் காலம் கடந்தவையும் மட்டுமே ஏறலாம். மின்கட்டணத்தை வட்டத்தின் நிதி ஏற்க வேண்டும். கொடுக்கும் மனமுள்ள ஏழை உறுப்பினர் மீது அந்தச் சுமை விழலாகாது. விளைவது அனைத்தும், எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எவரும் தனியுடைமை கொண்டாடக் கூடாது என்னும் உரிமத்தோடு வெளியாக வேண்டும். இவ்வாறு சேரும் பக்கங்களும் குரல்களும் சில ஆயிரத்தைத் தாண்டும்போது, வங்கத்தார் செய்ததைப் போன்ற கூட்டுப் பயிற்சியில் நம் பங்கைக் கொண்டு சேர்க்க நமக்குத் தகுதி வரும். கொண்டு வர எதுவும் இல்லாமல் பொறிகளை மட்டும் இணைத்தால், பிறர் வலையைத்தான் இழுத்துக்கொண்டிருப்போம்.

வரும் செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்து விவாதிக்குமாறு செயலாளரை வேண்டுகிறேன். முதற்கட்டமாக யார் வீட்டில் எந்த ஆண்டின் துண்டறிக்கைகள் உள்ளன என்ற பட்டியல் ஒன்று எடுத்தாலே பாதி வேலை முடிந்தது போலாகும்.